பறித்துக்கொள்ளச் சொல்லும் பலகை

சமூகத் தோட்டம் போடுகிற அமைப்புகளுக்கு விதை கிடைப்பதைவிட ஆள் கிடைப்பதுதான் கடினம். தோட்டத்தைக் கடந்து போகிறவருக்கு அது யாருடையது, உள்ளே வரலாமா, காயைப் பறிக்கலாமா என்று ஒன்றும் தெரியாது. கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுவார். அமைப்பின் பெயர், சின்னம், பலகை எல்லாமே அந்தக் கூச்சத்தைப் போக்கத்தான். இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில், சுமார் 15,000 பேர் வாழும் டாட்மார்டன் என்ற ஊர் இதை அழகாகச் செய்து காட்டியிருக்கிறது.

2008-இல் பாம் வார்ஹர்ஸ்ட், மேரி கிளியர் முதலானோர் அங்கே தொடங்கிய அமைப்பின் பெயர் ‘இன்கிரெடிபிள் எடிபிள்’. நம்ப முடியாதது, சாப்பிடக்கூடியது என்று பொருள்படும் இரண்டு சொற்கள். இயைபோடு வருவதால் ஒருமுறை கேட்டாலே மனத்தில் தங்கிவிடும். சுற்றுச்சூழல், பருவநிலை என்ற கனத்த சொல் எதுவும் அதில் இல்லை. எல்லாரும் பேசக்கூடிய விஷயம் சாப்பாடு என்பதே நிறுவியவர்களின் கணக்கு. சாப்பிடுகிறவர் எல்லாரும் இதில் சேர்த்தி என்பதுதான் அவர்களுடைய முழக்கமும்.

எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் இந்த உத்தி படத்துக்கும் பொருந்தும். போர்க்காலத்தில் மக்களைக் காய்கறி பயிரிடச் சொல்லி 1939-இல் பிரிட்டிஷ் அரசு தொடங்கிய ‘வெற்றிக்காகத் தோண்டு’ இயக்கத்தின் புகழ்பெற்ற சுவரொட்டியில் முகமே கிடையாது. மண்வாரியை மிதித்து மண்ணுக்குள் இறக்கும் ஒரு பூட்ஸ் கால் மட்டும். அது யாருடைய காலாகவும் இருக்கலாம்.

டாட்மார்டன்காரர்கள் தங்கள் வேலையைப் ‘பிரசாரத் தோட்டக்கலை’ என்றே சொன்னார்கள். காவல் நிலையத்துக்கு முன்னால் மக்காச்சோளம் போட்டார்கள். சுகாதார நிலையத்தைச் சுற்றியிருந்த முட்செடிகள் போய்ப் பழமரங்களும் மூலிகைகளும் வந்தன. காவல் நிலைய வாசலில் கதிர் விட்டு நிற்கும் சோளத்தைப் பார்த்தவர் வீட்டில் போய்ச் சொல்லாமல் இருப்பாரா? பாதி விளம்பரம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி பலகையின் பொறுப்பு. மேரி கிளியர் தம் வீட்டு முன்சுவரைத் தாழ்த்தி, காய்கறிகளை நட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்தார். அப்படியும் ஊராருக்கு அது பிடிபட ஆறு மாதம் ஆயிற்றாம். அடுத்தவர் செடியில் கைவைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் ஒரே நாளில் மாறிவிட மாட்டார்கள். அதனால் பலகை அனுமதி தருவதோடு, எப்படிப் பறிப்பது என்றும் சொல்லித்தர வேண்டும்: தக்காளி சிவந்த பிறகு, கீரையில் வெளி இலைகளை மட்டும், குருத்தை விட்டுவிட்டு. பளபளக்கும் பலகை ஏதோ கம்பெனி இடம் என்று தோன்றவைக்கும். வெளுத்த காகிதம் கவனிப்பாரற்ற தோட்டம் என்று சொல்லும். மரப்பலகையில் கையால் பெரிதாக எழுதுவதே நல்லது.

டாட்மார்டனில் சந்தைக் கடைக்காரர்களுக்கும் கரும்பலகை கொடுத்து, உள்ளூர் விளைச்சல் எது என்று எழுதச் செய்தார்கள். உள்ளூர் முட்டை எங்கே கிடைக்கும் என்று காட்டும் வரைபடமும் வந்தது. தோட்டங்களை இணைக்கும் ‘பச்சை வழி’யில் நடந்து பார்க்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள்.

டாட்மார்டன்காரர்கள் அமைப்பின் பெயரைத் தங்களோடு பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. பல ஊர்கள் தம் பெயரைப் பின்னால் சேர்த்து அதையே வைத்துக்கொண்டன. பிரான்சில் அதை ‘அன்க்ரோயாபிள் கொமெஸ்திபிள்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு, தெருவோரச் செடிப்பெட்டிகளில் ‘பகிர்ந்துகொள்ளும் உணவு’ என்று எழுதி வைத்தார்கள்.