சுவரில் மாட்டும் முகத்துக்கு ஒரு பேர் உண்டு

எட்வர்ட் கர்ட்டிஸ் எடுத்த பியூப்ளோ மக்களின் முகப்படங்களை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டுவது அமெரிக்காவில் சகஜம். அவருடைய 'வட அமெரிக்க இந்தியன்' 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகளாக வந்தது. நியூ மெக்சிகோவின் பியூப்ளோ ஊர்கள் 16, 17ஆம் தொகுதிகளில் வருகின்றன (1926). காப்புரிமை முடிந்துவிட்டது, அமெரிக்க காங்கிரஸ் நூலகத் தளத்திலிருந்து இறக்கி யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

சட்டப்படி சரி. அவ்வளவுதானா?

மூலத்தில் சில படங்களின் கீழே ஆளின் பேரும் ஊரும் இருக்கு. உதாரணம், தாவோஸ் ஊர் இயாலா. சிலவற்றில் 'ஸூனி ஆளுநர்' என்று பதவி மட்டும். போஸ்டராகும்போது பல சமயம் இதுவும் போய், வெறும் 'பழங்குடி முகம்' ஆகிவிடுகிறது. கர்ட்டிஸ் தொகுப்பின் முதல் படமான நவஹோ படத்துக்கே 'மறைந்துபோகும் இனம்' என்றுதான் தலைப்பு. பேரை எடுத்துவிட்டால் அந்தக் கதைதான் மிஞ்சும்.

ஆனா யாரும் மறையலை. நியூ மெக்சிகோவில் இன்றும் 19 பியூப்ளோக்கள் இருக்கு. பல ஊர்களில் அனுமதியில்லாமல் கேமராவை எடுக்கக்கூடாது. சடங்குகளைப் படம்பிடிக்கத் தடை.

என் முடிவு: முகப்படத்தை மாட்டலாம், பேர், ஊர், ஆண்டு கீழே எழுதணும். பேர் தெரியாவிட்டால் ஊரையாவது எழுதணும். சடங்குப் படங்களை விட்டுடணும். அந்த முகம் இன்று அங்கே வாழும் யாரோ ஒருத்தரின் கொள்ளுத்தாத்தாவாக இருக்கலாம்.