உங்களுக்குத் தெரியுமா? ‘ஆம்பூர்’ என்ற பெயருக்கு 21 பைட்!

2003 மே 27-இல் வெளியான வேர்ட்பிரஸ், இணையதளம் உருவாக்க எவரும் கட்டணமின்றிச் சொந்த சர்வரில் நிறுவக்கூடிய திறமூல மென்பொருள். ஆம்பூர்த் தோல் ஆலையோ வேலூர்ப் பள்ளியோ, கோப்புகளை ஏற்றி, தரவுத்தளத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் சில நிமிடங்களில் வேலை முடியும். உண்மையான கவனம் தேவைப்படுவது எழுத்துக்குறியாக்கத்தில்தான். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்; தமிழிலோ எழுத்து, துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆ, ம, புள்ளி, ப, ஊகாரக்குறி, ர, புள்ளி என ‘ஆம்பூர்’ 7 குறிகள், 21 பைட். ‘வேலூர்’ 18. வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகளில் இயல்பான குறியாக்கம் லத்தீன்-1. அதில் தமிழ் வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாகிவிடும், அப்படிப் போன எழுத்து திரும்பாது. ஆகவே தரவுத்தளத்தை உருவாக்கும்போதே, மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8-ஐக் குறிக்கும் ‘யூடிஎஃப்8எம்பி4’ எனக் குறிப்பிட வேண்டும். 2018-இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 முதல் அதுவே இயல்பு அமைப்பு.