கழன்றோடும் சக்கரம்

2009 ஜூலை 26ஆம் தேதி ஹங்கேரி கிராண்ட் பிரீ பந்தயத்தில், டயர் மாற்றிக்கொண்டு புறப்பட்ட பெர்னாண்டோ அலோன்சோவின் காரிலிருந்து, சரிவரப் பூட்டப்படாத முன்சக்கரம் கழன்று தனியே துள்ளி ஓடிற்று. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னர், இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில், விபத்துக்குள்ளான வேறொரு காரிலிருந்து பிய்ந்து வந்த சக்கரம் தலையில் மோதி, 18 வயது பந்தய வீரர் ஹென்றி சர்ட்டீஸ் உயிர் நீத்தார். 2000இல் மோன்ஸாவிலும் 2001இல் மெல்போர்னிலும் பறந்துவந்த சக்கரங்களுக்குப் பலியானவர்களோ தடத்தோரம் பணிபுரிந்து நின்ற ஊழியர்கள்.

சோழவரத்து ஓடுதளத்தில் வளர்ந்த பந்தய ஆர்வம் இன்று இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கும் கோயம்புத்தூரின் ‘கரி’ பந்தயத் தடத்துக்கும் இளைஞர்களை ஈர்க்கிறது. சொந்தக் காரை அங்கே கொண்டுபோகிறவர்கள் எஞ்சினுக்குக் காட்டும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கையேனும் வீல் நட்டுக்குக் காட்ட வேண்டுமென்பதே என் வேண்டுகோள்.

காரின் பாரத்தை, வீல் நட்டு ஏறும் ஸ்டட்டுகள் ஆணிகளைப் போல் நேரே சுமப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், நட்டை முறுக்கும்போது ஸ்டட் நூலிழையளவு நீண்டு, வில்நாண் போல் விறைத்து, ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடியினால் விளையும் உராய்வே பாரத்தைத் தாங்குகிறது. இடையில் பெயின்டோ துருவோ மண்ணோ அகப்பட்டால், அது ஓட்டத்தில் நசுங்க, பிடி தளர்ந்து, ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்டட் வளைந்து நிமிர்ந்து, இறுதியில் முறிகிறது. ஆகவே ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துடைத்து, நட்டை முதலில் கையாலேயே திருகி, பின்னர் எதிரெதிராக மாற்றி மாற்றி, கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முறுக்குங்கள். முதல் சில சுற்றுகள் ஓடிச் சூடு ஆறியபின் மீண்டும் சரிபாருங்கள். ஏர் கன்னை மட்டும் நம்புவது பேரபாயம். மரையில் எண்ணெய் தடவினால் அதே அளவு முறுக்கு ஸ்டட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். கையேடு சொன்னாலன்றித் தடவற்க.

ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே ஸ்பேசர் போட்டவர்கள் ஒன்றை விரல்களாலேயே சோதிக்கலாம். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில், மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி உடையதாயின், மரை பிடித்தது முதல் ரிம்மில் அமரும்வரை நட்டு குறைந்தது 8 சுற்றாவது சுற்ற வேண்டும். ஐந்தில் நின்றால் காரைத் தடத்தில் இறக்காதீர்கள். எவர் வற்புறுத்தினும் மறுப்பது உங்கள் உரிமை.

சொந்த உபயோகத்துக்கு வாங்கிய ஸ்டட் குறையுள்ளதாயிருந்து தீங்கு நேர்ந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரித்தவரிடமும், குறைபட்ட சேவை செய்தவரிடமும், சில சந்தர்ப்பங்களில் விற்றவரிடமும் நஷ்டஈடு கோரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும். 1915 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும். பொருளை மாற்றியமைத்தோ தவறாகப் பயன்படுத்தியோ இருந்தால் எதிர்த்தரப்பு தப்பித்துக்கொள்ள அச்சட்டத்திலேயே இடமுண்டு. ஆதலால் பில்லையும், எந்தத் தேதியில் எவ்வளவு முறுக்கினோம் என்ற குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு ஸ்டட் முறிந்தால் அந்த ஹப்பில் உள்ள அனைத்தையும் மாற்றிவிடுங்கள். ஆனால் முறிந்த துண்டை எறிந்துவிடாதீர்கள். அதன் முகத்தில், கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற வரிகளை ஒத்த வளைகோடுகள் தென்பட்டால், அது ஒரே அடியில் முறியாமல், சிறுகச் சிறுக அறுபட்டது என்பதற்கு அதுவே சாட்சி.