கேட்பதற்கு ஒரு பட்டம்

மாணவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்புகிறார்கள். ஹெட்போனில் ஓடுவது பாட்டு அல்ல, குரல்கள். ஒன்று முணுமுணுக்கிறது. ஒன்று திட்டுகிறது. இன்னொன்று, "எல்லாரும் உன்னைத்தான் பார்க்கிறார்கள்" என்கிறது. இதற்கு நடுவே ஆசிரியர் வந்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்கிறார். 93, 86... அதற்குமேல் போவதற்குள் கணக்கு நழுவிவிடுகிறது. கேட்ட கேள்விக்கு நோயாளி பதில் சொல்லாமல் விழிப்பதன் காரணம் அலட்சியம் அல்ல என்பதைச் சில நிமிடங்களில் உணர்த்திவிடும் பாடம் இது.

பிரிட்டனில் மனநலச் செவிலியர் பட்டம் படிப்பவர்களுக்குத் தரப்படும் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. நம் ஊர் பி.எஸ்சி. நர்சிங்கில் மனநலம் ஒரு பாடம். அதில் தனித்தேர்ச்சி வேண்டுமென்றால் பட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே சேரும்போதே துறையைத் தேர்ந்துவிடுகிறார்கள். குறைந்தது 4,600 மணி நேரம் படித்தாக வேண்டும்: பாதி வகுப்பறையில், பாதி களத்தில். நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால், விடுமுறையே இல்லாமல் 575 நாள். களம் என்றால் மருத்துவமனை வார்டு மட்டுமல்ல. வீடு தேடிப் போகும் குழுக்கள், நெருக்கடி நேரத்தில் ஓடும் குழுக்கள், முதியோர் பிரிவுகள் எல்லாம் உண்டு. வார்டில் ஆள் குறைகிறது என்பதற்காக மாணவரைப் பணியாளர் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. அவர் அங்கே இருப்பது கற்பதற்காக.

யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதில் மனநலச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பங்கு உண்டு. பாடத்திட்டத்தை வகுப்பதிலும் அவர்கள் இருக்கிறார்கள், வகுப்பெடுக்கவும் வருகிறார்கள். இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

அறுவைச் சிகிச்சை அரங்கில் கத்தியைச் சோதித்துப் பார்க்கலாம். மனநல வார்டில் முதன்மையான கருவி செவிலியரின் பேச்சு. அதை எப்படிச் சோதிப்பது? அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லாவ் இதற்கு ஒரு வழியைப் பரவலாக்கினார். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று 1952இல் நூல் எழுதியவர் அவர். நோயாளியுடன் பேசி முடித்ததும் மாணவர் ஒரு தாளில் பத்தி பிரித்து எழுதுகிறார்: அவர் சொன்னது, நான் சொன்னது, அந்த நொடியில் என் மனதில் ஓடியது. பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறார்கள். இதற்கு உரையாடல் பதிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

"சாப்பாட்டில் விஷம் இருக்குன்னு ஒரு குரல் சொல்லுது" என்கிறார் நோயாளி. "அதெல்லாம் ஒண்ணுமில்லை, சாப்பிடுங்க" என்பதே வாயில் முதலில் வரும். அது அவர் கேட்பதைப் பொய் என்று தள்ளிவிடுகிறது. ஆமாம் போடுவதோ இன்னும் மோசம். பதிவைப் புரட்டிப் புரட்டி மாணவர் வந்து சேரும் பதில் வேறு: "எனக்கு அந்தக் குரல் கேட்கலை. ஆனா உங்களுக்குக் கேட்குது, பயமாவும் இருக்கு, இல்லையா?" இதில் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை.

இன்னொரு கேள்வியையும் கூசாமல் கேட்கப் பழக்குகிறார்கள்: "தற்கொலை செய்துக்கலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நேராகக் கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. மனதில் இருப்பதைச் சொல்ல ஒரு வழி திறக்கிறது.

பேச்சோடு படிப்பு முடிவதில்லை. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 15 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள். பெரும்பாலும் இதயநோய் போன்ற உடல்நோய்களால். அதனால் ரத்த அழுத்தம், எடை, சர்க்கரை எல்லாமே மனநலச் செவிலியரின் பொறுப்பு. குளோசபின் என்ற மாத்திரையைப் பாருங்கள். மற்ற மருந்துகள் கைவிட்ட மனச்சிதைவுக்கு அதைத் தருகிறார்கள். அரிதாகச் சிலருக்கு அது வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். எனவே முதல் 18 வாரங்கள் வாராவாரம் ரத்தப் பரிசோதனை.

அதில் ஒரு மறைமுகப் பொறியும் இருக்கிறது: சிகரெட். புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை, அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதத்தை, பெருக்கிவிடும். அந்த நொதிதான் குளோசபினைச் சிதைத்து வெளியேற்றுகிறது. கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவக் கூடுதல் ஆள் வைத்ததுபோல வேலை மளமளவென நடக்கும். அந்த ஆட்களைத் திடீரென்று அனுப்பிவிட்டால்? பாத்திரம் குவியும். புகைப்பவர் மருத்துவமனையில் சேர்ந்து சிகரெட்டை நிறுத்தியதும், அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகும். நிகோடின் பட்டை ஒட்டினாலும் பயனில்லை. நொதியைத் தூண்டுவது புகைதான், நிகோடின் அல்ல. நல்ல பழக்கத்துக்கு மாறியவரை மருந்து தாக்காமல் இருக்க, "எப்போ கடைசியா புடிச்சீங்க?" என்று செவிலியர் கேட்டாக வேண்டும்.

சின்னச் சின்னச் சொற்களால் ஒரு வார்டே மாறுமா? லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லென் பவர்ஸ் குழு இதை அளந்து பார்த்தது. 15 மருத்துவமனைகள், 31 வார்டுகள். மறுக்க நேரும்போது மென்மையாக மறுப்பது, நோயாளிக்குக் கெட்ட செய்தி வரும் நாளை முன்கூட்டியே அறிந்து உடன் இருப்பது, ஊழியரும் நோயாளியும் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்வது என்று பத்து எளிய மாற்றங்கள். ஒப்பிட்ட வார்டுகளைவிட மோதல்கள் 15 சதவீதமும், பிடித்து அடக்குவது, தனியறையில் அடைப்பது போன்றவை 26.4 சதவீதமும் குறைந்தன. புது மருந்து ஒன்றும் இல்லை, புதுக் கட்டடமும் இல்லை.

அப்படியும் பேச்சு பலிக்காத இரவுகள் உண்டு. தானாக வந்து சேர்ந்த நோயாளி, உயிருக்கே ஆபத்தான நிலையில், கிளம்பியே தீருவேன் என்று கதவருகே நிற்கிறார். டாக்டர் வரத் தாமதமாகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 5(4) பிரிவு இந்த நேரத்துக்கானது. ஒரு செவிலியர், தன் முடிவில், அவரை ஆறு மணி நேரம் வரை தடுத்து வைக்கலாம். அதற்குள் டாக்டர் வந்துவிட்டால் அந்த அதிகாரம் அத்துடன் முடியும். காரணத்தைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொது வார்டில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் மற்றச் செவிலியருக்கு இந்த அதிகாரம் கிடையாது. மனநலத்திலோ அறிவுத்திறன் குறைபாட்டுத் துறையிலோ பதிவு பெற்றவருக்கு மட்டுமே. நேற்றுவரை மாணவராக இருந்தவருக்கும், பதிவேட்டில் பெயர் ஏறிய நாளிலிருந்து அது உண்டு.