கருப்பைக் கழுத்தில் பொலிப்: வெட்கம் வேண்டாம்

சகோதரிகளே! மாதவிடாய்க்கு இடையிலோ, இல்லற உறவுக்குப் பின்னரோ, மாதவிடாய் முற்றாக நின்ற பிறகோ இரத்தம் படுகிறதா? வயதுக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கருப்பைக் கழுத்தில் வளரும் ‘பொலிப்’ என்ற சிறு தசை இதற்குக் காரணமாகலாம். பிள்ளை பெற்ற, நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் இது அதிகம். பெரும்பாலும் இது புற்றுநோயல்ல. டொக்டர் கிளினிக்கிலேயே சில நிமிடங்களில் அதை முறுக்கி எடுத்துவிடுவார். அநேகமாக மயக்க மருந்தும் தேவைப்படாது. எடுத்த தசையை ஆய்வுகூடத்தில் சோதித்து, முடிவைக் கேட்டறிவது அவசியம். ஏனெனில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் இப்படித்தான் இரத்தம் காட்டும்.

பதுளை, பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் ‘ஒரு நாள் பேர் போகுமே’ என்றும், டவுனில் ‘ஆண் டொக்டராக இருந்தால்?’ என்றும் நாள் கடத்துகிறோம். மருத்துவிச்சியிடம் முதலில் சொல்லலாமே! 1996 முதல் நம் நாட்டில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் 35, 45 வயதினருக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசம். இரத்தம் படுபவர்கள் அந்த வயதுக்காகக் காத்திருக்காமல் உடனே டொக்டரைக் காண வேண்டும்.

நிற்காத இரத்தப்போக்கைப் பற்றி பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். அது மாதவிடாய் அல்ல என்ற விளக்கமும் பெற்றார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?