எஸ்.பி.எம். கிரெடிட் வேறு, பல்கலைக்கழகக் கிரெடிட் வேறு

“பிள்ளைக்கு எத்தனை கிரெடிட்?”

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் நாளில் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தெபோங்கிலும் தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி இதுதான். கிரெடிட் என்றால் சி தரத்திற்குக் குறையாத தேர்ச்சி என்பது நமக்குத் தெரியும். ஐந்து கிரெடிட் இருந்தால் இந்தப் படிப்பு, மூன்று இருந்தால் அந்தப் படிப்பு என்று பெற்றோரே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

உயர்கல்விக்கூடத்தின் வாசலைத் தாண்டியதும் இதே சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. அங்கே கிரெடிட் என்பது தரம் அல்ல, அளவு. நீங்கள் எவ்வளவு படித்து முடித்திருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் படிக்கல். மாணவர்களுக்கு உயர்கல்வி விளக்கம் கொடுக்கப் போகும்போதெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கும் பிள்ளைகளையே அதிகம் பார்க்கிறேன். இந்தக் குழப்பத்தால் சிலருக்கு ஓராண்டு வீணாகிறது, சிலருக்குக் கடன் கூடுகிறது. ஆகவே பள்ளியில் இருக்கும்போதே இரண்டாவது கிரெடிட்டைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு கிரெடிட் என்பது எவ்வளவு?

நம் நாட்டில் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமை இதற்கு அளவு வகுத்திருக்கிறது. ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை மட்டுமல்ல, செய்முறைப் பயிற்சி, இடுபணி, நீங்களாகவே உட்கார்ந்து படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் இதில் அடங்கும். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேர உழைப்பு. இப்படிச் சேர்த்துச் சேர்த்து, சான்றிதழ் படிப்புக்குக் குறைந்தது 60, டிப்ளோமாவுக்கு 90, இளங்கலைப் பட்டத்திற்கு 120 கிரெடிட் எட்ட வேண்டும்.

கிரெடிட் குறைந்தால் செமஸ்டர் குறையும். செமஸ்டர் குறைந்தால் கட்டணமும் விடுதிச் செலவும் பி.டி.பி.டி.என். கடனும் குறையும். தோட்டத்து நாள் சம்பளத்திலோ ஆயர் குரோ தொழிற்சாலையின் ஷிப்டு வேலையிலோ ஓடும் குடும்பத்திற்கு ஒரு செமஸ்டர் என்பது சின்னத் தொகை அல்ல.

பள்ளியில் படித்துக்கொண்டே இந்தக் கிரெடிட்டைச் சேர்க்க முடியுமா? அமெரிக்காவில் முடியும். ‘ஏ.பி.’ எனப்படும் மேல்நிலைத் தேர்வு அங்கே 1950களின் நடுவிலிருந்து நடக்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர் அதை எழுதி, 5 புள்ளிக்கு 3, 4 அல்லது 5 எடுத்தால் பல கல்லூரிகள் அதைக் கிரெடிட்டாக வரவு வைக்கின்றன. பக்கத்துக் கல்லூரியில் பாடம் எடுத்து, பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் சேர்த்துக்கொள்ளும் இரட்டைப் பதிவு முறையும் உண்டு. இந்தியாவும் 2023இல் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு ஒன்றை வெளியிட்டுப் பள்ளிப் படிப்பையும் கிரெடிட் கணக்கிற்குள் கொண்டு வந்திருக்கிறது.

நம் நாட்டில் அதே பெயரில் அப்படியொரு திட்டம் இல்லை. ஆனால் அதற்கு நெருக்கமான வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: 16 வயதில் தொழிற்கல்லூரி

பழைய தொழிற்பள்ளிகள் 2012 முதல் ‘கோலேஜ் வொகேஷனல்’ எனப்படும் தொழிற்கல்லூரிகளாக மாறின. மலாக்காவில் அலோர் காஜா மாவட்டத்தின் டத்தோ ஸ்ரீ முகமட் ஜின் தொழிற்கல்லூரி அவற்றில் ஒன்று. படிவம் 3இல் விண்ணப்பித்து, படிவம் 4 வயதில் உள்ளே போகலாம்.

முதல் இரண்டு ஆண்டு, அதாவது நான்கு செமஸ்டர், மலேசியத் தொழிற்சான்றிதழான எஸ்.வி.எம்.முக்கு. தகுதி பெறுவோர் அடுத்த இரண்டு ஆண்டில் டி.வி.எம். எனும் மலேசியத் தொழில் டிப்ளோமாவை முடிக்கலாம். முதல் செமஸ்டரிலிருந்தே பாடங்களுக்குக் கிரெடிட் நேரமும் சராசரிப் புள்ளியும் கணக்கிடப்படும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் இரண்டாண்டுக் கிரெடிட் எஸ்.வி.எம்.முக்கு உரியது. டிப்ளோமாவுக்கான கிரெடிட் அதற்குப் பிறகுதான் தொடங்கும். தடங்கலின்றிப் படித்தால் 19, 20 வயதில் கையில் டிப்ளோமா இருக்கும். எஸ்.பி.எம். முடித்துவிட்டு மூன்றாண்டு போலிடெக்னிக் படிப்பவரைவிட ஏறக்குறைய ஓராண்டு முன்னதாக.

எஸ்.வி.எம்.மை எஸ்.பி.எம்.மின் மூன்று கிரெடிட்டுக்குச் சமமாகக் கருத நிபந்தனைகள் உண்டு. கல்விப் பாடங்களின் சராசரிப் புள்ளி 2.00, தொழிற்பாடங்களின் சராசரிப் புள்ளி 2.67, எல்லாத் தொழிற்கூறுகளிலும் தேர்ச்சி, மலாய் மொழித் தாளில் கிரெடிட். “கையால் செய்யும் படிப்புதானே” என்று மலாய் மொழியையும் வரலாற்றையும் கைவிடும் மாணவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இந்த வழியின் விலையையும் சொல்லியாக வேண்டும். 16 வயதில் துறையைத் தேர்ந்தெடுத்த பிறகு மருத்துவம், சட்டம் என்று திரும்புவது கடினம். எஸ்.வி.எம். பாடப் பட்டியலில் தமிழ்மொழித் தாளும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, படிவம் 3 வரை இன்னும் மூன்றாண்டு என்று தமிழ் படித்த பிள்ளைக்கு அது எஸ்.பி.எம். தமிழ்த் தாளை விட்டுக்கொடுக்கும் முடிவாகவும் ஆகிறது. இயந்திரத்தையோ மின்கம்பியையோ தொட்டுப் பார்க்கத் துடிக்கும் பிள்ளைக்கு இது அருமையான பாதை. “படிப்பு வராதவர்களை அனுப்பும் இடம்” என்று நினைத்து யாரையும் அங்கே தள்ளிவிடக் கூடாது.

இரண்டாவது வழி: ஆறாம் படிவம்

பள்ளியில் இருந்தபடியே பல்கலைக்கழக முறையில் படிக்கும் இடம் ஆறாம் படிவம்தான். 2012 முதல் எஸ்.டி.பி.எம். மூன்று செமஸ்டராக நடக்கிறது. முடிவும் 4.00 சராசரிப் புள்ளிக் கணக்கில் வருகிறது. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அடித்தளப் படிப்பு இல்லாமல் நேரே முதலாம் ஆண்டில் நுழையலாம். அமெரிக்காவில் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. எஸ்.டி.பி.எம்., ஏ லெவல் இரண்டையும் அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் முதலாம் ஆண்டுப் பாடங்களுக்கு ஈடாக ஏற்றுக் கிரெடிட் தருகின்றன. உள்ளூர்ப் பள்ளியில், குறைந்த செலவில், தமிழையும் ஒரு பாடமாக எடுத்துப் படிக்கக்கூடிய இந்தப் படிப்பை நம்மவர்கள் இன்னும் இரண்டாம் விருப்பமாகவே வைத்திருக்கிறார்கள்.

மாசிட் தானா அருகே லொண்டாங்கில் உள்ள மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரியும் நல்ல வழி. ஆனால் அதுவும் பட்டப்படிப்புக்குள் நுழையும் வாசல்தான். நுழைவுத் தகுதியையும் கிரெடிட் வரவையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

மூன்றாவது வழி: ஏற்கெனவே படித்ததைக் கணக்கில் ஏற்றுவது

அதிகப் பலன் தருவது இது. அதிகம் கைவிடப்படுவதும் இதுவே. மெர்லிமாவ் போலிடெக்னிக், மலாக்கா போலிடெக்னிக், தொழிற்கல்லூரி எங்கே டிப்ளோமா முடித்தாலும், பட்டப்படிப்புக்குப் போகும்போது கிரெடிட் மாற்றத்திற்கு விண்ணப்பிக்கலாம். வழக்கமான நிபந்தனைகள் மூன்று. பழைய பாடத்தில் குறைந்தது சி தரம். பழைய பாடமும் புதிய பாடமும் உள்ளடக்கத்தில் குறைந்தது 80 விழுக்காடு ஒத்திருப்பது. கிரெடிட் எண்ணிக்கை ஈடாக இருப்பது.

கணக்கைப் பாருங்கள். 120 கிரெடிட் பட்டத்தில் ஒரு பல்கலைக்கழகம் 30 விழுக்காட்டை ஏற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 36 கிரெடிட். செமஸ்டருக்கு 18 என்று படித்தால் இரண்டு செமஸ்டர், கிட்டத்தட்ட முழு ஓராண்டு.

டுரியான் துங்காலில் இருக்கும் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூ.டி.இ.எம்., 2000ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2007இல் முழுப் பல்கலைக்கழகமானது. தொழிற்கல்வி டிப்ளோமாக்காரர்கள் போகக்கூடிய தொழில்நுட்ப இளங்கலைப் படிப்புகள் அங்கே உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து பேருந்து தூரத்தில் ஒரு பொதுப் பல்கலைக்கழகம் இருப்பது பெரிய வாய்ப்பு.

இணையப் பாடங்களும் இந்த வழியில் சேரும். மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்கள் 2014 முதல் திறந்த இணையப் பாடங்களை நடத்துகின்றன. அவற்றைக் கிரெடிட்டாக ஏற்பதற்கான வழிகாட்டியை எம்.கியூ.ஏ. 2016இல் வெளியிட்டது. படிவம் 4 மாணவர்கூட அவற்றைப் படிக்கலாம். ஆனால் கிரெடிட் கோருவது பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான். ‘அப்பல்-சி’ எனப்படும் முன்னனுபவ மதிப்பீட்டில் தேர்வு எழுதியோ படைப்புத் தொகுப்பைக் காட்டியோ நிரூபிக்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியது

கிரெடிட் தானாக வந்து சேராது. கேட்டவருக்குத்தான் கிடைக்கும். கேட்கவும் கையில் தாள் வேண்டும். மதிப்பெண் பட்டியலை எல்லாரும் பத்திரப்படுத்துகிறோம். பாடத்திட்டத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை. 80 விழுக்காடு ஒத்திருக்கிறதா என்று அதிகாரி பார்ப்பது அந்தப் பாடத்திட்டத்தில்தான். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் விரிவுரையாளர் கொடுக்கும் பாட விவரத் தாளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். செலவில்லாத வேலை. நாளைக்கு ஒரு செமஸ்டரை மிச்சப்படுத்தலாம்.

எந்தக் கல்லூரியில் பதிவதற்கு முன்பும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் உள்ளதா? மொத்தம் எத்தனை கிரெடிட்? அடுத்து எந்தப் பல்கலைக்கழகம் இவற்றில் எத்தனையை ஏற்கும்? அதை எழுத்தில் தருவீர்களா? விளம்பரப் பலகையைக் காட்டி அவசரப்படுத்துகிறவர்கள் நான்காவது கேள்வியில் தடுமாறுவார்கள். அங்கே பணம் கட்ட வேண்டாம்.

எம்.கியூ.ஏ. பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. படிவம் 3 மாணவரும் படிவம் 5 மாணவரும் இன்றிரவே கைப்பேசியில் திறந்து, தாம் விரும்பும் படிப்பின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். அப்பா அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். “எத்தனை கிரெடிட்?” என்று அவர்கள் அடுத்த முறை கேட்கும்போது, எந்தக் கிரெடிட்டைக் கேட்கிறீர்கள் என்று நீங்களே விளக்கிச் சொல்லலாம்.