எட்டு போட்டால் போதுமா?

2024 நவம்பரில் பெங்களூரு நெலமங்கலா பக்கம் ஓடிக்கொண்டிருந்த பி.எம்.டி.சி. மாநகரப் பஸ்ஸில் டிரைவர் மாரடைப்பு வந்து, ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே சரிந்தார். கண்டக்டர் பாய்ந்து வந்து வண்டியை நிறுத்தினார். பஸ்ஸின் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவரைக் காப்பாற்ற முடியவில்லை.

இதயம் திடீரென்று நின்றுவிட்டால் மூளை தாங்குவது 4 முதல் 6 நிமிடம்தான். யாரும் நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அதற்குள் ஆம்புலன்ஸ் வருமா? டாம்டாம் நிறுவனத்தின் 2022 போக்குவரத்து நெரிசல் கணக்குப்படி, பெங்களூரு நகரத்துக்குள் 10 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 29 நிமிடம். நெரிசலில் புகுந்து போகட்டும் என்று 2015-இலேயே கர்நாடக அரசு பைக் ஆம்புலன்ஸ் விட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் முதல் ஐந்து நிமிடம் அதே ரோட்டில் நிற்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

அந்தக் கைகள் என்ன செய்ய வேண்டும்? தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் மண்டியிட்டு நடு நெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்து, முழங்கையை மடக்காமல் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழும்ப விட வேண்டும். அப்போதுதான் இதயத்துக்குள் மறுபடி ரத்தம் நிரம்பும். சரியாகச் செய்தாலும் வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். மூளையைச் சிறிது நேரம் காக்க அது போதும். எப்போதாவது கரகரவென்று ஒரு மூச்சு இழுத்தால் ‘உயிர் இருக்கிறது’ என்று பலரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அது சுவாசமே இல்லை. இதயம் நின்றதன் அடையாளம்.

1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் உலகுக்குச் சொன்ன சி.பி.ஆர். முறை இது. வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குவோருக்காக, அழுத்துவதை மட்டும் கற்றுத்தரும் எளிய முறையை இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள்.

லைசென்ஸ் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இதைக் கற்றுத்தர வேண்டும். ஆனால் சி.பி.ஆர். ஒன்றை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு டிரைவரை ரோட்டுக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. விபத்தில் அடிபட்டவரின் இதயம் பெரும்பாலும் ரத்தம் வடிந்தோ மூச்சுப்பாதை அடைத்தோதான் நிற்கிறது. உடம்பில் ரத்தமே இல்லாதபோது நெஞ்சை அழுத்தி என்ன பயன்? துணியை வைத்துக் காயத்தை விடாமல் அழுத்திப் பிடிப்பதும், கழுத்தைத் திருப்பாமல் மூச்சுப்பாதையைத் திறப்பதும்தான் அங்கே முதல் பாடம். நாம் செய்வதோ வேறு. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றுகிறோம். அது நுரையீரலுக்குள் போகிறது. கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுகிறோம்; முதுகெலும்பு போகிறது. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் தனிக்கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டம் இதையெல்லாம் மறக்கவில்லை. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் டிரைவிங் ஸ்கூல்களுக்கு வகுத்த பாடத்திட்டத்தில் காயம், ரத்தப்போக்கு, எலும்பு முறிவு, மயக்கம் எல்லாம் அடங்கிய முதலுதவிப் பகுதியே இருக்கிறது. எந்த டிரைவிங் ஸ்கூலில் அதை நடத்துகிறார்கள்? ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போடச் சொல்கிறார்கள், ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். நெஞ்சை அழுத்திக் காட்டு என்று கேட்பவர் இல்லை. தமிழ்நாட்டில் கண்டக்டர் லைசென்ஸுக்கு முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறார்கள். கார் ஓட்டுபவருக்கு அது வேண்டாமாம்!

ஜெர்மனியில் 1969 முதலே முதலுதவிப் பயிற்சி இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. டென்மார்க் 2006-இல் கட்டாயமாக்கியது, பள்ளிகளிலும் கற்றுக்கொடுத்தது. அங்கே மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், பக்கத்தில் இருந்தவர்கள் சி.பி.ஆர். கொடுத்தது 2001-இல் 21 சதவீதம் பேருக்கு; 2010-இல் 45 சதவீதம் பேருக்கு. 30 நாள் கழித்தும் உயிரோடிருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமானார்கள். லைசென்ஸ் விதி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆம்புலன்ஸ் சேவையும் மேம்பட்டது. ஆனாலும் பயிற்சி பெற்ற கைகள் பெருகியதில் அந்த விதிக்கும் பங்குண்டு.

‘உதவப் போய் போலீஸ், கோர்ட் என்று அலையணுமா?’ என்ற பயம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் உதவுபவர்களைக் காக்க மாநில அளவில் முதலில் தனிச்சட்டம் இயற்றியதே கர்நாடகம்தான், 2016-இல். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் நாடு முழுக்க அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

ஒரு பொம்மையும் அரை நாளும் இருந்தால் பயிற்சி முடிந்துவிடும். லைசென்ஸ் விதியைத் திருத்த வேண்டியது மத்திய அரசு. அதுவரை காத்திருக்காமல், டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டும்போதே முதலுதவி வகுப்பு என்றைக்கு என்று கேளுங்கள். நீங்கள் கட்டும் பணத்தில் அந்தப் பாடமும் சேர்த்திதான்.